தாழ் போடாத மனுஷன்

எங்கள் வீட்டில் உள்ளே இருக்கிற எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாசல் கதவுக்கு மட்டும் ஒன்று உண்டு. அதையும் அவர் தூங்கிய பிறகு நான்தான் போடுவேன். குளிக்கிற அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருக்கின்றன. விருந்தாளி யார் வந்தாலும் இருமிக்கொண்டோ பாடிக்கொண்டோதான் குளிக்க வேண்டும். என் நாத்தனார் ஒரு தடவை வாய் விட்டே கேட்டுவிட்டாள்.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் ஒரு தாழ்ப்பாளுக்குக் கூடவா கஞ்சத்தனம் பண்றாரு?"

"உங்கண்ணன்தானே, நீயே கேளு" என்றேன். கேட்கவில்லை. அவரிடம் கேள்வி கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஒரு குளிர் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர். மீனும் பழமும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். லாரிக்காரர்கள் முன்னே பின்னே நிறுத்தச் சண்டை போட்டுக்கொள்வார்கள். இவர் போய் நடுவில் நின்று, சத்தம்கூடப் போடாமல் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், லாரிகள் பசுமாடு மாதிரி வரிசையில் வந்துவிடும். அதே கிடங்கு முற்றத்தில் நான் பழம் பிரிக்கிற வேலை பார்த்தேன். நல்லது ஒரு பெட்டி, அடிபட்டது ஒரு பெட்டி. எங்கள் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் வரவில்லை. எங்கே போனாலும் சோற்று நேரத்துக்கு முதல் ஆளாக வருகிற மனுஷன். விசாரித்தேன். ஒருவன் லாரியோடு போயிருப்பார் என்றான். ஒருவன் முதலாளி கூப்பிட்டிருப்பார் என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரிய குளிர் அறையின் கதவைப் போய்த் தட்டினேன். ஒரு சாண் கனம் இருக்கும் அந்தக் கதவு. உள்ளேயிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. "உள்ள யாரும் இல்லம்மா, நாந்தான் பூட்டினேன்" என்றான் புதிதாக வந்த லோடுமேன். "தெறடா" என்று நான் போட்ட சத்தத்தில் முற்றமே கூடிவிட்டது.

திறந்தபோது அவர் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் பனி. உள் பக்கத்துக் கைப்பிடி உறைந்து போய் அசையவில்லை. இடித்து இடித்து முஷ்டி இரண்டும் தோல் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கதவ மூடாத."

உடம்பு தேறி, பழையபடி அதே அறைக்கு வேலைக்குப் போனார். ஆனால் உள்ளே போகும்போதெல்லாம் கதவிடுக்கில் ஒரு செங்கல் வைத்துவிட்டுத்தான் போவார். குளிர் வெளியே போகிறது என்று முதலாளி கத்தினார். இவர் காதிலேயே வாங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே 'செங்கல்' என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள்களைப் பிடுங்கினார். அன்றிலிருந்து அவர் குளிக்கப் போனால் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நான் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுச் சண்டை, கத்தரிக்காய் விலை, எது வாயில் வருகிறதோ அது. பேச்சு நின்றால் உள்ளே தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிடும். எனக்கு வாய் அதிகம் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும்.

எங்கள் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. "அப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கிறது என்பது மகளுக்குத் தெரியக் கூடாது. அதில் அவர் பிடித்த பிடியை விடவே இல்லை.

அந்தப் பெண் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த இடத்தில் உண்டானாள். குழந்தை குறுக்கே கிடந்து, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. செய்தி வந்த நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் நாய்க்குக்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. விடுப்பு முடிகிறது. ஏறினால் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார். பச்சை உடம்புக்காரி, பச்சைப் பிள்ளையோடு, ஒரு மனுஷத் துணை இல்லாமல் எப்படி இருப்பாள்? கப்பல் கிளம்புவதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும்.

"நீ மட்டும் போ" என்றார் இவர்.

போனில் பெண் அழுதாள். "அப்பா வரலியாம்மா? பேரனப் பாக்கணும்னு அவருக்கு இல்லியா?" போன் சத்தமாக வைத்திருந்தேன். இவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "வரேன்னு சொல்லு" என்றார்.

அதற்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எனக்கும்தான். விமானத்துக் கதவை நடுவானில் திறந்து வைக்க முடியாது. செங்கல் வைக்கவும் முடியாது. இவர் நடுவில் எழுந்து "கதவத் தெற" என்று கத்தினால்? கையைக் காலைக் கட்டிப் போடுவார்களோ? வேறு ஊரில் இறக்கிவிடுவார்களோ? வெளியே சொல்லவில்லை. நானும் பயந்தால் அந்த வண்டி நகராது.

கிளம்புகிறதற்கு முந்தின நாள் ஒரு யோசனை சொன்னார்.

"பிளேன்ல கக்கூஸ் பெட்டி மாதிரி இருக்குமாம். தாழ் போட்டே ஆகணுமாம்."

"யார் சொன்னா?"

"லாரிக்காரன் ஒருத்தன். அவன் மச்சான் போயிருக்கான். அதனால நான் இன்னிலேருந்து தண்ணியே குடிக்கப் போறதில்ல. ஏத்தினாத்தானே எறக்கணும்?"

எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! தண்ணீர்ச் சொம்பை எடுத்து மறைத்துவைத்தேன். காய்ந்த ரொட்டியாகப் பார்த்துக் கொடுத்தேன். டீயைக்கூட வாய் நனைக்கிற அளவுக்குத்தான் ஊற்றினேன். "நல்லா இருக்கு, லேசா இருக்கு" என்றார் அவரும்.

காலையில் விமானம். ஜன்னலோரம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தார். ஓடுவதற்கு வசதியாம். "எங்க ஓடுவீங்க?" என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

கதவைச் சாத்தினார்கள். தொம் என்று ஒரு சத்தம். கனமான, காற்று வெளியே போகாத சத்தம். அது அந்தக் குளிர் அறைக் கதவின் சத்தமேதான். திரும்பிப் பார்த்தேன். அவர் முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அப்போது பார்த்து, தலைக்கு மேலே இருந்த ஓட்டையிலிருந்து சில்லென்று காற்று வந்தது. வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவசர அவசரமாக என் கைக்குட்டையைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தேன். "ஏங்க, என்னப் பாருங்க. பேரன் யார் ஜாடையாம் தெரியுமா? மூக்கு உங்க மூக்காம். பாவம், என்ன பண்றது" என்று ஆரம்பித்தேன். பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். முன் இருக்கைக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டார்.

வானத்தில் ஏறி ரொம்ப நேரம் கழித்து அவர் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார், அப்பாடா என்று நினைத்தேன். கையைத் தொட்டால் ஜில்லென்று வேர்த்திருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "ஏங்க... ஏங்க..." பதில் இல்லை. உலுக்கினேன். தலை தொங்கியது. என் உயிர் என்னிடம் இல்லை. நான் கத்திய கத்தலில் பணிப்பெண் ஓடி வந்தாள். நம்ம பாஷை பேசுகிற பெண். இன்னொருத்தியும் வந்தாள். காலைத் தூக்கிப் பிடித்தார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள்.

"அம்மா, ஐயாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"கடைசியா எப்பத் தண்ணி குடிச்சாரு?"

"நேத்து... நேத்துக் காலைல."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, ஒட்டகத்தையா கூட்டிட்டு வந்தீங்க?"

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். அவர் கண் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மறுபடி மூடிக்கொண்டார். "இனிமே இப்படிப் பண்ணினா வழியிலயே ஆஸ்பத்திரியில சேத்துடுவாங்க ஐயா, அடுத்த பிளேன்ல ஏத்த மாட்டாங்க" என்று சொல்லி, கப் கப்பாகக் குடிக்க வைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா?

கொஞ்ச நேரத்தில் அவர் என் கையைச் சுரண்டினார். "இந்தா. போகணும்."

இரண்டு பேரும் எழுந்து போனோம். கதவு மடிந்து திறந்தது. உள்ளே ஒரு ஆள் திரும்ப இடமில்லை. மங்கலாக ஒரு வெளிச்சம். "தாழ் போட்டாத்தான் ஐயா நல்லா லைட் எரியும்" என்றாள் பணிப்பெண். இவர் நிலைப்படியிலேயே நின்றார்.

நான் அவள் காதில், "தங்கச்சி, இவரால தாழ் போட முடியாதும்மா. கேக்காத. நான் கதவுல கால் வச்சுக்கறேன்" என்றேன். அவள் கேட்கவில்லை. நல்ல பெண். எனக்குப் பக்கத்தில் திரை மாதிரி நின்றுகொண்டாள். என் செருப்புக் காலைக் கதவிடுக்கில் விட்டு, "பக்கத்து வீட்டுக்காரி நம்ம செடிக்குத் தண்ணி ஊத்துவாளா மாட்டாளான்னே தெரியலங்க" என்று ஆரம்பித்தேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

"என்னம்மா, உள்ள இருக்கறவரு கிட்ட மீட்டிங்கா?" என்றார் கோட்டுப் போட்ட ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"ஆமா தம்பி. முடிஞ்சதும் உங்களையும் கூப்பிடறேன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் கதவிடுக்கில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வரும்போது வரிசையில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தார்கள். லாரிகளை ஒரு பார்வையில் நிறுத்திய மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

வழியில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். பெரிய கூடம். பளபளவென்று தரை. எங்கே பார்த்தாலும் பலகை. எதிலும் எனக்குத் தெரிந்த எழுத்து இல்லை. டிக்கெட்டைக் காட்டிக் காட்டி, கை காட்டிய பக்கமெல்லாம் நடந்து, ஒரு வழியாக எங்கள் வாசலைக் கண்டுபிடித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"நான் வரல" என்றார்.

"என்னது?"

"இதுக்கு மேல என்னால ஆகாது. நீ போ."

"சரி, வாங்க. வீட்டுக்கே திரும்பிப் போயிடுவோம்."

யோசித்தார். "திரும்பிப் போறதும் பிளேன்லதானே?"

"பின்ன என்ன, மாட்டு வண்டியா விடுவாங்க?"

அவர் முகம் விழுந்துவிட்டது. முன்னாலும் கதவு, பின்னாலும் கதவு. அது அதுவரைக்கும் அவருக்கு உறைக்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "நான் இங்கயே இருந்துடறேன்" என்றார்.

"இங்க இருந்து என்ன பண்ணுவீங்க?"

"கூட்டிப் பெருக்குறேன். எடம் பெருசாத்தான் இருக்கு."

வேடிக்கை இல்லை. நிஜமாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒலிபெருக்கியில் எதையோ சொன்னார்கள். சனங்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். வரிசை நகர்ந்தது. நாளைக்குக் காலையில் மாப்பிள்ளை கப்பல் ஏறிவிடுவார். அடிவயிற்றில் தையலோடு என் பெண் தனியாகப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டுவாள்.

"அப்ப நான் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரிசையில் போய் நின்றேன். பின்னாலேயே வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. வரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசலில் நின்ற பெண் என்னிடம் கை நீட்டினாள். டிக்கெட்டை நீட்டினேன். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தேன். குனிந்தவளால் எழ முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அவர் ஓடி வந்தார். "ஏய், என்ன ஆச்சு? மயக்கமா?"

"பயமா இருக்குங்க" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாருக்கு? போர்டு ஒண்ணும் படிக்கத் தெரியல. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. அங்க பிள்ள தனியா கெடக்குறா, இங்க நீங்க உக்காந்துட்டீங்க. எனக்குப் பயம் இல்லேன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"நீதானே எப்பவும் வெளிய நிக்கிற. வெளிய நிக்கிறவளுக்கு என்னடி பயம்?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! இத்தனை வருஷம் தெருவெல்லாம் பேசியவள் இதை மட்டும் பேசினதே இல்லை.

"அன்னிக்கு அந்தக் கதவ எப்படித் தட்டினேன் தெரியுமா? உள்ள ஒரு சத்தம் இல்ல. உள்ள இருந்த உங்களுக்கு உசுரோட இருக்கோம்னாவது தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாதே! இன்னிக்கு வரைக்கும், நீங்க குளிக்கப் போனா, நான் உங்களுக்காகவா பேசறேன்? தண்ணிச் சத்தம் கேக்குதான்னு பாக்கத்தான் பேசறேன்."

வாசலில் இருந்த பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி எதையோ சொன்னாள். புரியவில்லை, ஆனால் புரிந்தது. கதவைச் சாத்தப் போகிறார்கள்.

அவர் கீழே கிடந்த டிக்கெட்டைப் பொறுக்கினார். என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க. நீ போய் இப்படிப் பயந்தா எப்படி? சின்னப் புள்ளையா நீ?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

அந்த விமானத்திலும் தொம் என்றுதான் கதவைச் சாத்தினார்கள். அவர் பிடித்த பிடியில் என் வளையல் மணிக்கட்டில் அழுந்திச் சிவந்துபோனது. "பயப்படாத, பயப்படாத. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, கேட்கவில்லை. பணிப்பெண் வந்தபோதெல்லாம் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் வாங்கினார். நிஜத்தைச் சொன்னால், எனக்குப் பயம் இறங்கவே இல்லை. இறங்குகிற வரைக்கும் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாப்பிள்ளை வந்து காரில் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பெட்டி வீட்டுக் கூடத்தில் கட்டித் தயாராக இருந்தது. "மாமா, அத்தை, இனிமே நான் நிம்மதியாப் போவேன்" என்றார். பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து பிள்ளையை நீட்டினாள்.

அடடா, அதை எப்படிச் சொல்வேன்! ரோஜாப்பூவைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி. கைவிரல் ஒவ்வொன்றும் அரிசி நீளம். கொட்டாவி விட்டான் பாருங்கள், ஊரில் உள்ள வேலையெல்லாம் அவனே செய்து களைத்த மாதிரி! மூக்கு இவர் மூக்கேதான், பாவம். நான் கொஞ்சிய கொஞ்சலில் தூங்கியவன் விழித்துக்கொண்டான். இவர் சோபாவில் உட்கார்ந்து மடியை விரித்தார். பிள்ளையை மடியில் போட்டோம். மூச்சு விடவும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"பயணம் எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள் பெண். "மொதத் தடவையாச்சே, பயமா இருந்துச்சா?"

"எனக்கென்ன பயம்? உங்கம்மாதான் நடுவழியில தரையில உக்காந்துட்டா. நாந்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"அம்மாவா?" என்று என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்டி. ரொம்பத்தான் பயந்துட்டேன்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லையே.

பெண் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள். அவள் போகிறவரைக்கும் பார்த்திருந்துவிட்டு, பிள்ளையின் தலைக்கு மேலே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்.

"ஏய். திரும்பிப் போகணுமே?"

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றேன். "தலைய நல்லாப் பிடிங்க, தொங்குது."